நூற்று நாற்பத்தொன்றாவது பெயர்

பொன்பாடி தாண்டினால்
ஸ்டேஷன் பலகைகளில் எழுத்து உருண்டுவிடும்.
அடுத்த ஊரின் பெயரைப்
படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.
பேச்சு மட்டும் மாறாமல் கூடவே வந்து
நகரியில், பாதி வாக்கியத்தில், தெலுங்காகும்.

ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன்.
பையில் ஸ்டாப்வாட்ச், வேர்க்கடலை,
அணி கொடுத்த பட்டியல்.
நூற்று அறுபது பெண்கள்.

மேலே இருக்கும் இருபது பேருக்காக
யாரும் ரயில் ஏற வேண்டாம்.
அவர்கள் அடித்த கோல்கள் எல்லார் செல்போனிலும் ஓடுகின்றன.
எனக்குச் சம்பளம் ஆறாம் சுற்றுக்கு,
பணம் தீர்ந்து
எல்லா மேசைகளும் காபி கேட்கும் நேரத்துக்கு.

141. மு. தேசம்மா. பத்தொன்பது. பின்களம்.
ஓரத்தில் யாரோ பென்சிலில்:
கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒத்துழைப்புக் குறைவு.
கீழே வேறொரு கையெழுத்து:
எந்த மாநிலம், தெளிவில்லை.
சித்தூர் தேர்வில் தமிழ்ப் பெண் என்றார்களாம்.
திருவள்ளூரில் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு
சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

மைதானம் முழுக்கச் சரளை.
பந்து எங்கே குதிக்கும் என்று பந்துக்கே தெரியாது.
கோல் கம்பத்தில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள்,
தூரத்தில் மலை தன் மூக்கை நீட்டிக்கொண்டு
எங்களைப் பார்க்கவில்லை.
முதல் பாதியில் நான் ஒன்றும் எழுதவில்லை.
ஓட்டம் சுமார். அடி சுமார்.
கடலை உரித்தபடி
மூன்று நாற்பது பாசஞ்சரைப் பற்றி யோசித்தேன்.

பிறகுதான் கழுத்தைக் கவனித்தேன்.

பந்து வருமுன்
இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலதுக்கு ஒன்று,
மறுபடி இடது,
தீனி பொறுக்கும் கோழி போல.
எண்ண ஆரம்பித்தேன்.
பட்டியலில் மூன்றாவதாக இருப்பவளைப் போன மாதம் எண்ணியிருக்கிறேன்:
ஒரு பந்துக்கு ஒரு முறை, சில நேரம் அதுவுமில்லை.
இவள் நான்கு. ஐந்து.
ஆகவே பந்து வந்தபின் இவளுக்கு வேலையே இல்லை,
தொட்டு அனுப்பினால் போதும்.
அதனால்தான் சுமாராகத் தெரிகிறாள்.
சறுக்கி விழுந்து தடுப்பவளுக்குக் கைதட்டுவார்கள்,
சறுக்கத் தேவையில்லாத இடத்தில்
முன்பே போய் நிற்பவளுக்கு யார் தட்டுவார்?

ஆட்டம் முடிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.
"இந்தப் பக்கம் பேசுங்கக்கா" என்று
வலது காதைத் தொட்டாள்.
வீட்டில் எட்டு பவர்லூம்.
தொட்டில் கட்டியதும் அந்தக் கொட்டகையிலேயே.
"யாரு கத்தினாலும் வெளங்காது.
அதான் பாத்து வெச்சிக்குவேன்."

நோட்டில் இதை எழுதவில்லை.
நோட்டை எவரும் எட்டிப் பார்ப்பார்கள்.
ஆடு, சரளை, கடலை பத்து ரூபாய் என்று எழுதி
மூன்று நாற்பதைத் தவறவிட்டேன்.

டிராஃப்ட் அன்று திருப்பதி ஓட்டலில்
குளிரூட்டி காதுக்குள் ஊதியது.
ஐந்தாம் சுற்றில் பக்கத்து மேசை எபினேசர்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இருபது வருடமாக என் முகத்தைப் படிப்பவர்.
நான் வடையைப் பார்த்தேன்.
வடையில் மிளகு எத்தனை என்று பார்த்தேன்.
அவர் சண்டிகரில் ஒரு கோல்கீப்பரை எடுத்தார்.
மூச்சு விட்டேன்.

"யாரிது?" என்றார் எங்கள் முதலாளி.
"குறைந்தபட்சத் தொகைதானே சார்" என்றேன்.
வேறெதுவும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.
மைக்கில் அந்தப் பெயரை
தேஷ், நிறுத்தி, அம்மா என்று படித்தார்கள்.
ஒருவரும் நிமிரவில்லை.

வராந்தாவுக்கு வந்து போன் செய்தேன்.
ஏழு முறை அடித்து ஓய்ந்தது.
எட்டாவதில் எடுத்தது அம்மா.
பின்னால் எட்டுத் தறியும் ஒரே மூச்சில் ஓட
"லோனுக்காரங்களா? ஞாயித்துக்கெழம வாங்க."
"ஆக்கிம்மா! ஆக்கி!" என்று கத்தினேன்,
ஓட்டல் சிப்பந்தி திரும்பிப் பார்த்தார்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தறி மட்டும்.

"ஆக்கிக்கா? அதுக்கும் கட்டணுமா?"